வயல்வெளி வண்டி: வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்!

கேள்வி: "வயலுக்குப் போய்வரவும், உரம், தீவனம் வாங்கிவரவும் பழைய மொபெட் ஒன்று வாங்கியிருக்கிறோம். வீட்டில் நான்தான் ஓட்டுகிறேன். ஓட்டப் பழகி மூன்று மாதம்தான் ஆகிறது. செயின் கழன்றாலும், கிக்கர் அடித்துக் கிளம்பாவிட்டாலும் பாபநாசம் கடைத்தெரு வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எதையெல்லாம் நானே பார்த்துக்கொள்ளலாம், எதில் கை வைக்கக்கூடாது?"
– வாசகி ஒருவர், பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: டெல்டாவில் பலருக்கும் இருக்கும் சந்தேகம்தான் இது. காவிரி, அரசலாறு, குடமுருட்டி, திருமலைராஜன் ஆறு என்று பாபநாசம் வட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஆற்றங்கரையோ வாய்க்கால் கரையோ வந்துவிடும். பல கரைச் சாலைகளில் தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பத்தடிப் பள்ளத்தில் வயல். அங்கே பிரேக் பிடிக்காமல் போனால் விழுவதற்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. களத்தில் நெல் கிடக்கும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்து, தார்ப்பாய் எடுத்துவர வண்டி கிளம்பாமல் போனால் அந்தப் பட்டத்து உழைப்பே நனைந்துவிடும். அதனால் பராமரிப்பைத் தெரிந்துகொள்வது காசை மிச்சப்படுத்த மட்டும் இல்லை. உயிரையும் விளைச்சலையும் காப்பதற்கு.

இதைக் கற்றுக்கொள்ள மெக்கானிக் படிப்பு தேவையில்லை. பம்ப்செட்டுக்கு ஃபுட்வால்வு மாற்றத் தெரிந்த வீட்டில் இதுவும் முடியும்.

முதலில், உங்களுடையது எந்த வகை வண்டி?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மொபெட் பரவியதற்கு ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 ஒரு முக்கியக் காரணம். 1980-ல் வந்த அந்த வண்டிதான் இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி செய்யப்பட்ட முதல் மொபெட். மிதிவண்டியில் வெற்றிலைக் கட்டும், பால் கேனும், புல்லுக்கட்டும் கொண்டுபோனவர்கள் அதற்கு மாறினார்கள். அதன் வழியில் வந்த எக்ஸ்எல் வண்டிகள்தான் இன்றைக்கும் வரப்போரங்களில் அதிகமாக நிற்கின்றன.

இந்தக் குடும்பத்தில் இரண்டு வகை உண்டு. பழைய டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் போன்றவை இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின். இவற்றில் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். கலக்கா விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக், 99.7 சிசி. இதில் பெட்ரோலோடு எதையும் கலக்கக்கூடாது. இஞ்சின் ஆயில் அடியில் தனியாக இருக்கும். அதன் அளவைப் பார்த்து, குறித்த கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பழைய வண்டியில் பழகிய வீட்டில் "பெட்ரோல் போட்டால் போதும், ஆயில் தானாக அதிலேயே போய்விடும்" என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியை அப்படி ஓட்டினால், ஆயில் வற்றி ஒருநாள் இஞ்சின் இறுகி நின்றுவிடும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடவே அந்த வண்டிக்கான கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தில் கேட்கலாம். இந்தப் பகுதியில் சொல்லப்படும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணிக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் வண்டி கொடுக்கும் திட்டம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய பிறகு, கிராமங்களில் பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டர்கள் கூடின. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் செயினுக்குப் பதிலாக பெல்ட் உள்ளே மூடியிருக்கும். கீழே செயினைப் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தேவைப்படாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

வீட்டில் என்ன கருவி இருக்க வேண்டும்?

வண்டியோடு கொடுத்த டூல்ஸ் பை, பிளக் ஸ்பேனர், உங்கள் வண்டி நட்டுகளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர்கள், ஒரு கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், கால் பம்ப், காற்றழுத்தம் பார்க்கும் சிறு மீட்டர், பழைய பல்துலக்கும் பிரஷ், பருத்தித் துணி. இவ்வளவுதான். வாய் அகன்ற அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை வைத்து எல்லா நட்டையும் திருகினால், நட்டின் முனை மழுங்கிப் பிறகு மெக்கானிக்காலும் கழற்ற முடியாது. உபரியாக ஒரு பிளக்கும், இரண்டு ஃபியூஸும், ஒரு செயின் லாக்கும் சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும்.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டிய ஐந்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்சின் சூடாகும் முன்பே இவற்றைப் பாருங்கள்.

1. காற்று: கையால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில்லை. மீட்டரில் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது செயின் கவரிலோ சீட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். மூட்டை ஏற்றும் நாளுக்குப் பின்சக்கரத்துக்குத் தனி அளவு உண்டு. டயரில் முள், கருவேல முள் முறிந்து நிற்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். டயர் பட்டனின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரு சக்கர வண்டியை சாலையில் ஓட்டக்கூடாது என்பது விதி. சேற்றுத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

2. பிரேக்: இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நிற்க வேண்டும். பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்.

3. இஞ்சின் ஆயில் (நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு): சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். விடும்போது மரையைத் திருக வேண்டுமா, கூடாதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு கோடுகளுக்கு இடையில் ஆயில் நிற்க வேண்டும். கறுப்பாக இருப்பதில் பயமில்லை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

4. செயின்: தொய்வும், வறட்சியும்.

5. விளக்கு, ஹார்ன்: கரைச் சாலையில் இரவில் எதிரே வருகிறவருக்கு உங்கள் வண்டி தெரிய வேண்டும். பின் விளக்கின் கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

செயின்: விரல் பத்திரம்!

செயினைச் சுத்தம் செய்யும்போது பலர் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யவே செய்யாதீர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, சுற்றும் செயின்மேல் துணியைப் பிடிப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் துணி பற்சக்கரத்தில் சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். கையை எடுக்க நேரம் இருக்காது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செயினைத் தொட வேண்டும். அப்போதும் புடவை முந்தானை, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

தொய்வு பார்க்கும் முறை: கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சிறிய வண்டிகளுக்குப் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. எங்கே அதிகம் இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். முழுதும் மூடிய கவர் இருந்தால், பார்ப்பதற்கென்று பல வண்டிகளில் ஒரு சிறு திறப்பு விட்டிருப்பார்கள்.

தொய்வு அதிகமானால் செயின் கழலும். ஓடும்போது கழன்று பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதற்காக வீணைத் தந்தி மாதிரி இறுக்கிவிடவும் கூடாது. மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது செயின் இன்னும் இழுபடும்; பேரிங்கும் பற்சக்கரமும் சீக்கிரம் போகும்.

இறுக்கும் முறை: பின்சக்கர ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் செயின் அட்ஜஸ்டர் நட்டுகளை ஒரே அளவு திருகுங்கள். இடப்பக்கம் அரைச் சுற்று என்றால் வலப்பக்கமும் அரைச் சுற்று. இரண்டு பக்கத்திலும் உள்ள கோடுகள் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாக நிற்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிறகு ஆக்ஸில் நட்டை நன்றாக இறுக்கிவிட்டு, மறுபடி தொய்வை அளந்து பாருங்கள். இன்னொரு விஷயம்: சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். புதிதாகக் கற்றவர்கள் மறந்துவிடும் இடம் இதுதான்.

முதல் இரண்டு தடவை, தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்க்க, நீங்கள் செய்யுங்கள். நட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்பது கைக்குப் பழகும்.

எண்ணெய் போடும் முறை: மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நனைத்த பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து எடுத்து, துணியால் நன்கு துடைத்து உலரவிடுங்கள். பிறகு 90 கிரேடு கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாகக் கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒழுக ஒழுக விட்டால் புழுதி ஒட்டி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். டயரிலோ பிரேக் டிரம்மிலோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். மழைக்காலத்தில் அதற்கும் முன்பாகவே.

செயின் லாக் மாற்றினால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால், எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

பிரேக்: அளவோடு இறுக்கம்

டிரம் பிரேக் உள்ள வண்டியில் பிரேக் கம்பியின் முனையில் ஒரு நட்டு இருக்கும். அதை வலப்பக்கமாகத் திருகினால் பிரேக் இறுகும். அரை அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக்கை அழுத்தினால், கொஞ்சம் சும்மா வந்த பிறகு பிடிக்க வேண்டும். உரசும்படி விட்டுவிட்டால் டிரம் கொதிக்கும், பெட்ரோலும் வீணாகும், ஷூவும் தேயும்.

பல வண்டிகளில் டிரம்மின் வெளியே ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதும் அழுத்தும்போது அந்த அம்பு எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் நட்டைத் திருகிப் பயனில்லை. ஷூ மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சேறும் தண்ணீரும்

டெல்டாவின் களிமண் சேறு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் புகுந்து காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வயலிலிருந்து வந்ததும் ஒரு குச்சியால் தள்ளிவிட்டால் இரண்டு நிமிட வேலை. காய விட்டால் அரைமணி நேரம். கழுவும்போது இஞ்சின் ஆறிய பிறகு கழுவுங்கள். சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர், சாவித் துளை, சக்கர அச்சு ஆகிய இடங்களில் மோட்டார் ஹோஸ் தண்ணீரை வேகமாக அடிக்காதீர்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்தபின் டிரம்முக்குள் ஈரம் இருக்கும், பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். ஷூ சூடாகி ஈரம் காய்ந்துவிடும். பிரேக் பிடிப்பது உறுதியான பிறகே வேகம் கூட்டுங்கள்.

தண்ணீர் சைலன்சர் வாய்க்குமேல் இருந்தால் இறங்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் என்றால் எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் இறங்கவே கூடாது. வண்டி தண்ணீரில் மூழ்கி நின்றுவிட்டால் கிக்கர் அடிக்காதீர்கள். இஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றை அழுத்துவது போல அதை அழுத்த முடியாது. உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் காட்டினால் சின்னச் செலவோடு முடியும்.

வைக்கோல், நெல், உரம், எலி

நகரத்துக் கையேட்டில் இல்லாத நான்கு எதிரிகள் இவை.

அறுவடை நேரத்தில் சாலையில் காயும் நெல், கோலிக்குண்டு பரப்பியது போல. அதன்மேல் வளைக்கவோ, திடீரென்று முன் பிரேக் பிடிக்கவோ கூடாது. நேராக, மெதுவாகக் கடக்க வேண்டும்.

வைக்கோல் பின்சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையும், பிடித்தும் கொள்ளும். புகை வாடை வந்தால் நிறுத்திப் பாருங்கள். ஓட்டிவந்த சூட்டோடு வண்டியை வைக்கோல் போர் அருகே நிறுத்தவே கூடாது.

யூரியா, பொட்டாஷ் ஆகியவை ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். மூட்டை கிழிந்து கொட்டியிருந்தால் அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி, செயினுக்கு எண்ணெய் போடுங்கள். ஒருவாரம் விட்டால் சக்கர ரிம்மிலும் ஸ்போக்கிலும் துரு தெரியும்.

எலி, வயரையும் பெட்ரோல் ஹோஸையும் கடிக்கும். கொட்டகையில் நாள்கணக்கில் நிற்கும் வண்டியை எடுக்கும் முன் குனிந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யக்கூடாது.

மூட்டைக் கணக்கு

கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை ஒன்று 40 கிலோ. இரண்டு மூட்டை 80 கிலோ. ஓட்டுகிறவர் 60 கிலோ என்றால் மொத்தம் 140. உங்கள் வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று கையேட்டில் இருக்கும் எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாரம் முழுவதும் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். முன்னால் வைத்தால் ஹேண்டில் முழுதும் திரும்புகிறதா என்று நிறுத்தி வைத்தே திருப்பிப் பாருங்கள். பாரம் கூடினால் வண்டி நிற்கிற தூரமும் கூடும். கயிற்றின் நுனி தொங்கக்கூடாது. பின்சக்கரத்தின் ஒரு பக்கம் பாதி மறைக்கும் கம்பி வலையைப் புல்லுக்கட்டு வைக்க இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் அது இருக்கிறது. கழற்றாதீர்கள்.

கிளம்பவில்லையா?

இந்த வரிசையில் பாருங்கள். ஒன்று, பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா? இரண்டு, சுவிட்ச் எல்லாம் ஆனில் இருக்கிறதா? சில புதிய வண்டிகளில் சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் இஞ்சின் ஓடாது. மூன்று, ஹார்ன் அடிக்கிறதா? ஹார்னும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியையோ சிகரெட் அட்டை ஜிகினாவையோ சுற்றினால் வயரிங் எரியும். நான்கு, இஞ்சின் ஆறியிருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பிரஷ்ஷால் துடைத்து, ஈரமாக இருந்தால் உலர்த்தி, முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். மரை தப்பினால் இஞ்சின் தலைக்கே செலவு.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். மழையில் நனைந்தபடி வண்டி நின்றால், டேங்க் மூடி வழியாக இறங்கும் தண்ணீர் பெட்ரோலோடு சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மழைக்காலத்தில் டேங்கின்மேல் ஒரு யூரியா சாக்கைப் போட்டு வைத்தாலும் போதும்.

எதில் கை வைக்கக்கூடாது?

ஃபியூயல் இன்ஜெக்ஷன் உள்ள வண்டியில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிவது, முன் ஃபோர்க் ஆட்டம், சக்கர பேரிங் சத்தம், பிரேக் ஷூ, டிஸ்க் பிரேக் ஆயில், இஞ்சின் உள்ளே வரும் தட்டல் சத்தம். இவை மெக்கானிக் வேலை. ஆனால் "என்னமோ சத்தம் வருது" என்று சொல்லாமல், "பிரேக் பிடிக்கும்போது மட்டும் பின்சக்கரத்தில் உரசல் கேட்கிறது" என்று சொல்லத் தெரிந்தால், பழுது சீக்கிரம் பிடிபடும். தேவையில்லாத பாகத்தை மாற்றச் சொன்னாலும் "பழையதைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேட்க முடியும்.

கேள்வி: "மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். 16 வயது. மொபெட்தானே என்று வயலுக்கு எக்ஸ்எல் 100 கொடுத்து அனுப்பலாமா?"
– வாசகர், கபிஸ்தலம்.

பதில்: கூடாது. 16 வயதில் ஓட்டலாம் என்ற சலுகை, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான். அதற்கும் உரிமம் வேண்டும். எக்ஸ்எல் 100 ஏறக்குறைய 100 சிசி. அதற்கு 18 வயது ஆக வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் குற்றம் செய்தால் வண்டியின் உரிமையாளரும் பெற்றோரும் பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அதுவரை அவன் வண்டியைப் பராமரிக்கக் கற்கலாம். செயினுக்கு எண்ணெய் போட உரிமம் தேவையில்லை.

கேள்வி: "கழித்த இஞ்சின் ஆயிலை செயினுக்கு விடலாமா? மிச்சத்தை வரப்பில் ஊற்றினால் புல் வராது என்கிறார்களே?"
– வாசகர், அய்யம்பேட்டை.

பதில்: இரண்டும் வேண்டாம். கழித்த ஆயிலில் உலோகத் துகளும் கரியும் இருக்கும். செயினைக் காப்பதற்குப் பதில் தேய்க்கும். வரப்பில் ஊற்றினால் புல்லோடு மண்ணும் கெடும். மழையில் கரைந்து வாய்க்காலுக்குப் போய்த் தண்ணீரின்மேல் படலமாக நிற்கும். அதே தண்ணீர்தான் கீழ்மடைக்காரரின் நாற்றங்காலுக்குப் போகிறது. ஒரு கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: "முழு சர்வீஸ் எப்போது விடுவது? அறுவடை நேரத்தில் வண்டியை ஒருநாள்கூட விட முடியவில்லை."
– வாசகி, மெலட்டூர்.

பதில்: கிலோமீட்டர் கணக்கு கையேட்டில் இருக்கும். அதோடு பட்டத்தையும் சேர்த்துக் கணக்கு வையுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், வயல் சும்மா கிடக்கும் மே மாதத்தில் ஒன்று: ஆயில், ஏர் ஃபில்டர், செயின் எல்லாம் அப்போது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இரண்டாவது: பிரேக் ஷூ, டயர், விளக்கு, பேட்டரி. சம்பா அறுவடை முடிந்ததும் மூன்றாவது: சுற்றிய வைக்கோலை எடுத்து, மூட்டை சுமந்த பின்சக்கரத்தையும் ஸ்போக்கையும் ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். நடவுக்கு ஏர் ஓட்டும் முன் டிராக்டரைத் தயார் செய்வது போலத்தான் இதுவும். தேதியையும் கிலோமீட்டரையும் வரவு செலவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.